வயது 3+, செலவு முப்பது வெள்ளி

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நான்காம் ஆண்டு படிக்கும் பேரனுக்கு, 3+ என்று போட்டிருந்த கால்பந்து விளையாட்டு ஒன்றை என் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில், டாப்-அப் செய்திருந்த 30 வெள்ளியைக் காணோம். மூன்று வயதுப் பிள்ளைக்கே ஏற்றது என்று போட்டுவிட்டு இப்படிப் பணம் பிடிக்கலாமா? அந்த எண்ணை நம்பலாமா?

பதில்: நம்பலாம் ஐயா, ஆனால் அந்த எண் எதைப் பற்றியதோ அதற்கு மட்டும். அடிதடி, ரத்தம், கெட்ட வார்த்தை, ஆபாசம், சூதாட்டக் காட்சி, இவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் வயது போடுகிறார்கள். பந்து உதைப்பதில் இதெல்லாம் இல்லை, அதனால் 3+. பணம் கேட்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

சினிமா என்றால் நம் நாட்டில் தணிக்கை வாரியம் படத்தைப் பார்த்துவிட்டு வயது சொல்கிறது. பிளே ஸ்டோரில் அப்படி இல்லை. விளையாட்டைத் தயாரித்தவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புவார். ஐஏஆர்சி என்ற அனைத்துலக அமைப்பின் முறை, அந்தப் பதில்களிலிருந்து வட்டாரத்துக்கு ஏற்ற வயதைப் போட்டுவிடும். பிளே ஸ்டோர் 2015 முதல் இப்படித்தான் செய்கிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் அளவுகோலும் வேறு. மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 7 வயது, அமெரிக்காவில் 10. பிள்ளை என்னவோ ஒரே பிள்ளைதான்!

நீங்கள் பார்க்க வேண்டியது எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை. 'இன்-ஆப் பர்ச்சேசஸ்' என்றிருந்தால் உள்ளே கடை விரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விளையாட்டுக்காரர் அட்டைகள் அடங்கிய பெட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். உள்ளே யார் இருக்கிறார் என்பது திறந்தால்தான் தெரியும். என்னைக் கேட்டால் இது திருவிழாக் கடையில் சீட்டு இழுப்பதுதான், பத்து வயதுப் பையனுக்கு வேண்டாம். 'யூசர்ஸ் இன்டராக்ட்' என்றிருந்தால் முன்பின் தெரியாதவர்களும் அவனோடு பேச முடியும். அவர்கள் என்ன பேசுவார்கள் என்று எந்த வயது எண்ணும் உத்தரவாதம் தராது.

சரி, போன பணம்? வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே பிளே ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேளுங்கள். அப்புறம் அதன் செட்டிங்ஸில் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' என்பதை, எதை வாங்கினாலும் எப்போதும் கடவுச்சொல்லோ விரல் ரேகையோ கேட்கும்படி வையுங்கள். டாப்-அப் பணத்தில் கட்டும் வசதியை 'பேமென்ட்ஸ்' பகுதியில் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அதே செட்டிங்ஸில் 'பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' என்று ஒன்று உண்டு. அதில் வயது வரம்பு போட்டு பின் நம்பர் வைக்கலாம். அந்த வரம்பு புதிதாக இறக்குவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே இருப்பதை நீங்கள்தான் நீக்க வேண்டும். கூட்டாளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே கோப்புக்கு, அதாவது பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரே விளையாட்டை இறக்கிவிடும் கோப்புக்கு, வயதும் கிடையாது, இந்தப் பூட்டும் கிடையாது. அதைத் திறக்க விடாதீர்கள்.

பின் நம்பராக அவன் பிறந்த வருடத்தைப் போட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் அவன் விரல் ரேகை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுக்கு அதைப் பழக்கிக் கொடுத்ததே அவனாகத்தான் இருக்கும்.