யாருமல்லாத நான்கு பெண்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் பரிந்துரைத்ததால் ‘பாஸ்டன் ஸ்ட்ராங்ளர்’ (பாஸ்டனின் கழுத்து நெரிப்பவன், 2023) படத்தைப் பார்த்தேன். எனக்கு ஏமாற்றம்தான். தொடர் கொலைகளைப் பற்றிய படம் என்றால், கொலைகாரன் யார், அவன் மனம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புவது இயல்புதானே? இதில் இரண்டு பெண் நிருபர்கள் படம் முழுக்கக் கோப்புகளைப் புரட்டுகிறார்கள், கதவுகளைத் தட்டுகிறார்கள், அலுவலகத்தில் வாதாடுகிறார்கள். கடைசியில் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டும் அதை முழுதாக நம்ப வேண்டாம் என்கிறது படம். முடிச்சு அவிழவே இல்லை. பெண்களைப் போற்ற வேண்டும் என்பதற்காக ஓர் உண்மை வழக்கை வளைத்துவிட்டார்களோ என்றும் தோன்றியது. இதே வழக்கைப் பற்றி 1968இல் வந்த படம் மேலானது என்கிறார் ஒரு நண்பர். அதைப் பார்க்கலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த முடிச்சு. அது அவிழாமல் கிடப்பதற்கு இயக்குநர் மேட் ரஸ்கின் பொறுப்பல்ல. வழக்கே அப்படித்தான் கிடக்கிறது.

1962 ஜூன் 14 முதல் 1964 ஜனவரி 4 வரை பாஸ்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நடந்த 13 பெண்களின் கொலைகளை ஆல்பர்ட் டிசால்வோவின் கணக்கில் சேர்த்துப் பேசுவது வழக்கம். 1965இல் அவனே அவற்றைச் செய்ததாகச் சொன்னான். ஆனால் அவற்றில் ஒரு கொலைக்காகக்கூட அவன் மீது வழக்குத் தொடரப்படவில்லை. 1967இல் அவனுக்குக் கிடைத்த ஆயுள் தண்டனை, வேறு வீடுகளில் புகுந்து செய்த கொள்ளைக்கும் பாலியல் குற்றங்களுக்கும் உரியது. 1973 நவம்பரில் வால்போல் சிறையில் அவனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், அவனுடைய உறவினர் ஒருவர் குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து மரபணு எடுத்து ஒப்பிட்டார்கள். பிறகு கல்லறையைத் தோண்டி உடலை எடுத்தும் சோதித்தார்கள். கடைசியாகக் கொல்லப்பட்ட 19 வயது மேரி சல்லிவனின் வழக்கில் மட்டும் தடயம் பொருந்தியது. பதின்மூன்றில் ஒன்று. மற்றப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அறிவியல் இன்னும் பதில் சொல்லவில்லை. இத்தனையும் தெரிந்த ஒரு படம் “இதோ கொலைகாரன்” என்று கைகாட்டி முடிந்திருந்தால், அதைத்தான் நான் வளைத்தல் என்பேன்.

கொலைகாரனின் மனம் காட்டப்படவில்லை என்று வருந்துகிறீர்கள். என் மனம் அந்தப் பக்கம் போகவே இல்லை. முதலில் இறந்தவர் ஆன்னா ஸ்லெசர்ஸ். 55 வயது, லாட்வியாவிலிருந்து வந்து குடியேறியவர், தையல் வேலை செய்து பிழைத்தவர், கெய்ன்ஸ்பரோ தெருவில் ஒரு சிறிய குடியிருப்பில் தனியாக வாழ்ந்தவர். அன்று மாலை மகனோடு தேவாலயத்துக்குப் போக வேண்டும். அதற்குமுன் குளிக்கத் தயாரானார். அழைத்துப்போக வந்த மகன் கதவைத் தட்டினான், பதில் இல்லை, இடித்துத் திறந்தான். அம்மாவின் அங்கியிலிருந்த இடுப்புக் கயிறே கழுத்தில் பூமுடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. தேவாலயத்துக்குப் புறப்பட இருந்த ஒரு மாலையை இப்படிப் பார்க்க நேர்ந்த மகனை விட்டுவிட்டு, அந்த முடிச்சைப் போட்டவன் சிறுவயதில் என்ன துன்பம் அனுபவித்தான் என்று இரண்டு மணி நேரம் ஆராய எனக்கு விருப்பமில்லை.

அதற்கடுத்த வாரங்களில் இறந்தவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே. அறுபது எழுபது வயதைக் கடந்தவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள். பெரிய மனிதர்களோ பணக்காரர்களோ அல்ல. நகரத்தில் யாருடைய வேலையும் அவர்கள் இல்லாததால் நின்றுபோகவில்லை.

இங்கேதான் லோரெட்டா மெக்லாஃப்லின் வருகிறார். ‘ரெக்கார்ட் அமெரிக்கன்’ என்ற பாஸ்டன் நாளிதழின் நிருபர். படத்தில் அவருக்குத் தரப்படும் வேலை, புதிதாக வந்த டோஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று வீட்டுப் பகுதிக்கு எழுதுவது. உண்மையான லோரெட்டா 1992இல் ‘பாஸ்டன் குளோப்’ இதழில் அந்த நாட்களை நினைவுகூர்ந்து எழுதினார். இறந்த நான்கு பெண்களைப் பற்றித் தொடர் எழுத வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் யாருமல்லாதவர்கள் ஆயிற்றே, அதில் என்ன இருக்கிறது என்று ஓர் ஆசிரியர் தயங்கினாராம். அதுதானே விஷயம் என்று லோரெட்டாவுக்குப் பட்டது. யாருக்கும் தெரியாத நான்கு பெண்களை ஒருவன் ஏன் கொல்ல வேண்டும்? பெயர் தெரியாமையில் அவர்கள் சகோதரிகள், நம் எல்லோரையும் போல என்று எழுதியிருக்கிறார்.

அந்த “நம் எல்லோரையும் போல” என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

நான் ஒரு செய்தித்தாளில் சில ஆண்டுகள் இரவுப் பணியில் இருந்தவள். நள்ளிரவுக்குச் சற்று முன்பு பக்கத்தின் அடியில் நான்கு வரிக்கு இடம் மிஞ்சும். அதற்கென்றே சில செய்திகளை ஒதுக்கி வைத்திருப்போம். “மூதாட்டி மர்ம மரணம்” அந்த வகை. வயது, தெரு, “போலீசார் விசாரித்து வருகின்றனர்.” அவ்வளவுதான். இடம் இன்னும் குறைந்தால் முதலில் வெட்டுவது தெருவின் பெயரை. நானே வெட்டியிருக்கிறேன், என் கையால், சிவப்பு மையில். அடுத்த நாள் அந்த விசாரணை என்ன ஆயிற்று என்று ஒருமுறைகூடத் தொலைபேசியை எடுத்துக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அந்த நான்கு வரியை எடுத்து வைத்துக்கொண்டு, இது போன வாரம் வந்ததைப் போல இருக்கிறதே என்று ஒருத்தி உட்காரும் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. நீங்கள் ‘கோப்புகளைப் புரட்டுகிறார்கள்’ என்று ஒரு வரியில் தாண்டிப்போன வேலை இதுதான்.

அந்த வேலை அன்றைக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கொலைகள் ஒரே ஊரில் நடக்கவில்லை. பாஸ்டன், லின், கேம்பிரிட்ஜ், சேலம், லாரன்ஸ் என்று பரவிக் கிடந்தன. ஒவ்வோர் ஊருக்கும் தனிக் காவல்துறை, தனிக் கோப்பு. ஓர் ஊரின் குறிப்பு அடுத்த ஊரின் மேசைக்குத் தானாகப் போய்ச் சேராது. எல்லாக் கோப்புகளையும் ஓரிடத்தில் கொண்டுவரும் தனிப்பிரிவை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் புரூக் அமைத்தது 1964 ஜனவரியில், அதாவது கடைசிக் கொலையும் நடந்து முடிந்த பிறகு. லோரெட்டாவும் ஜீன் கோலும் சேர்ந்து எழுதிய நான்கு பகுதித் தொடர் அதற்கு ஓராண்டு முன்பே, 1963 ஜனவரியில், அச்சாகிவிட்டது.

ஜீன் கோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்பது படத்தின் மீது எனக்குள்ள முதல் குறை. முதியோர் காப்பகங்களில் நடந்த அவலங்களை அடையாளத்தை மறைத்து உள்ளே புகுந்து வெளிக்கொண்டுவந்த நிருபர் அவர். அவராக நடிக்கும் கேரி கூன் ஒரு பார்வையிலும் ஓர் இருமலிலும் அந்த அனுபவத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். ஆனால் கதை எப்போதும் கீரா நைட்லியின் லோரெட்டாவின் பின்னாலேயே ஓடுகிறது.

வழக்கை வளைத்துவிட்டார்களோ என்ற உங்கள் ஐயத்துக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். ஓரளவுக்கு ஆம். கொலைகளுக்கிடையே தொடர்பு உண்டு என்பதை லோரெட்டா ஒருவரே முதலில் கண்டதைப் போலப் படம் காட்டுகிறது. உண்மையில் 1962 கோடையிலேயே போலீசாரும் மற்ற நாளிதழ்களும் அதைப் பேசத் தொடங்கியிருந்தார்கள். தனியாக வாழும் பெண்கள் பூட்டும் சங்கிலியும் வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், நாய் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பின்பாதியில் மிச்சிகன் மாநிலம்வரை நீளும் இழையும் எனக்கு ஒட்டவில்லை. கொலைகாரர்கள் பலர் என்பதற்குக் கையில் உள்ள ஆதாரத்தைவிட அங்கே படம் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தை ஏற்க மாட்டேன். பெண்களைப் போற்றுவதற்காகப் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் செய்ததே போதுமானது. பின்னாளில் லோரெட்டா மருத்துவச் செய்தியாளராகி, ‘பாஸ்டன் குளோப்’ தலையங்கப் பக்கத்தின் ஆசிரியராகவும் ஆனவர். 2018இல் காலமானார்.

இனி அந்த ஒப்புதல் வாக்குமூலம். உங்களுக்கு அது படத்தின் முடிவைக் கெடுத்துவிட்டது. எனக்கு அதுதான் படத்தின் உயிர்.

டிசால்வோ அப்போது பிரிட்ஜ்வாட்டர் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தான். அங்கிருந்த ஜார்ஜ் நாசர் என்ற சக கைதியிடம் முதலில் சொன்னான். நாசர் தன் வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியிடம் சொன்னான். கொலைகாரனைப் பற்றித் துப்புக் கொடுப்பவர்களுக்குப் பணப்பரிசு அறிவிக்கப்பட்டிருந்த காலம் அது. தன் கதை விற்றால் மனைவி மக்களுக்குப் பணம் கிடைக்கும் என்ற கணக்கும் டிசால்வோவிடம் இருந்தது. பிறகு புரூக் அமைத்த அந்தத் தனிப்பிரிவின் தலைவர் ஜான் பாட்டம்லியிடம் மணிக்கணக்கில் பேசினான். அந்தப் பேச்சை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்ற உடன்பாட்டின் பேரில்தான் பதிவே நடந்தது. எண்ணிப் பாருங்கள்: நீதிமன்றத்தில் செல்லாத ஒரு வாக்குமூலம், ஆனால் ஊர் முழுக்கச் செல்லுபடியாகிவிட்டது. நகரம் பூட்டை இலேசாகப் போட்டுக்கொண்டு தூங்கப் போனது. போலீசும் கோப்பை மூடி வைக்கலாம். பத்திரிகைக்கும் ஒரு கடைசி அத்தியாயம் கிடைத்தது.

இதில் இன்னொன்று இருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். அந்த ‘ரெக்கார்ட் அமெரிக்கன்’ ஒவ்வொரு கொலையின் விவரத்தையும் அட்டவணையாகப் போட்டு வெளியிட்டது. டிசால்வோவின் பேச்சில் இருந்த சில தவறுகள், அந்த அட்டவணையில் அச்சான அதே தவறுகள் என்று வழக்கைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வாதிடுகிறார்கள். அது சரியானால், மறக்கப்பட்ட பெண்களை ஊர் நினைவில் வைக்க வேண்டும் என்று அரும்பாடுபட்டுத் திரட்டிய விவரங்களே, ஒருவன் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கும் உதவியிருக்கின்றன. நிருபர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அச்சில் ஏறிய ஒரு விவரம் அதற்குப்பின் யார் கைக்குப் போகிறது என்பது எழுதியவரின் பிடியில் இல்லை. படத்தில் பத்திரிகை முதலாளி அந்த இரண்டு பெண்களின் புகைப்படத்தையும் செய்தியோடு பெரிதாகப் போடச் சொல்கிறார். விற்பனைக்காக. கொலைகாரன் வெளியே திரிகிறான், இவர்கள் முகம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் தொலைபேசி மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் லோரெட்டா கையை ரிசீவருக்குக் கொண்டுபோகும் விதத்தை மறுபடி ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எந்தக் கொலைக்காட்சியிலும் இல்லாத பயம் அதில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். பல வீடுகளில் கதவு உடைக்கப்படவில்லை, பூட்டு நெம்பப்படவில்லை. குழாய் பார்க்க வந்தேன், பழுது பார்க்க வந்தேன் என்று எவனோ சொல்ல, அந்தப் பெண்கள் தாங்களே திறந்திருக்க வேண்டும். கொலைகளைப் பெரும்பாலும் படம் நேராகக் காட்டுவதில்லை. கதவுக்கு வெளியிலோ அடுத்த அறையிலோ காமிரா நின்றுவிடுகிறது. அதே படத்தில் அந்த இரண்டு நிருபர்களும் முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டு அலைகிறார்கள். பயந்து கிடக்கும் ஊரில் யாராவது இவர்களுக்குத் திறக்க வேண்டும். திறக்கிறார்கள், சங்கிலியை மாட்டியபடியே, இரண்டு விரல் அகலத்துக்கு. அந்த இடுக்கு வழியாகத்தான் செய்தி வெளியே வருகிறது.

இனி 1968 படம். தாராளமாகப் பாருங்கள். டிசால்வோ சிறையில் உயிரோடு இருந்தபோதே வந்த படம், ஆகவே அதற்கு அவனே கொலைகாரன் என்பதில் ஐயமே இல்லை. அவனாக நடிக்கும் டோனி கர்ட்டிஸ் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். வந்த பிறகு கண்ணை எடுக்க முடியாது, அப்படி ஒரு நடிப்பு. பாட்டம்லியாக ஹென்றி ஃபோண்டா வருகிறார். திரையைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் உத்தியும் புதுமையாக இருக்கும். நீங்கள் தேடிய கொலைகாரனின் மனம் அதில் வேண்டிய அளவு கிடைக்கும். லோரெட்டாவும் ஜீனும் மட்டும் அதில் இல்லை.

அன்புடன்.