கினாராயா வட்டார வழக்கா?

அன்புள்ள ஐயா,

துபாயில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். என்னோடு பணிபுரியும் நர்ஸ் ஒருவர் பிலிப்பைன்ஸின் அன்டீக்கே மாகாணத்துக்காரர். வீட்டுக்கு போன் பேசும்போது ஒரு பேச்சு, இலோயிலோ நகரத்துத் தோழி வந்துவிட்டால் உடனே வேறு பேச்சு. கேட்டால், “வீட்டில் பேசுவது கினாராயா. அது மொழியெல்லாம் இல்லை, வட்டார வழக்குதான்” என்கிறார். அப்படித்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி இல்லை. பிலிப்பைன்ஸில் ஆங்கிலமும் தேசிய மொழியான பிலிப்பினோவும்தான் மொழி, மற்றதெல்லாம் ‘டயலெக்ட்’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். கோடிக்கும் மேலானவர்கள் பேசும் செபுவானோவுக்கே அந்தக் கதிதான்.

பனாய் தீவில் அன்டீக்கே மாகாணமும் இலோயிலோவின் உட்பகுதிகளும் கினாராயா பேசுகின்றன. இலோயிலோ நகரத்து மொழி ஹிலிகைனோன். சந்தையும் வானொலியும் அதன் கையில் இருப்பதால், கினாராயா அதன் கொச்சை என்று பலர் நினைக்கிறார்கள். இவ்விரண்டும் செபுவானோவும் அடங்கிய பிசாய மொழிக் குடும்பத்து மொழிகளை 1970களில் விரிவாக ஆராய்ந்த மொழியியலாளர் டேவிட் சோர்க் அவற்றை ஐந்து கிளைகளாகப் பிரித்தார். அதன்படி கினாராயா மேற்குக் கிளை, ஹிலிகைனோன் நடுக் கிளை. ஒன்றிலிருந்து இன்னொன்று கெட்டு வந்தது என்பதற்கு இடமே இல்லை.

கொச்சை என்பவர்கள் பனாய் மலைமக்களின் ‘சுகிடனோன்’ காவியங்களைக் கேட்க வேண்டும். அங்கே சில பெண்பிள்ளைகளை ‘பினுகோட்’ என்று சொல்லி, வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வளர்த்தார்கள். அடைத்து வைத்தது கொடுமைதான். ஆனால் அந்த நீண்ட காவியங்களை மனப்பாடமாகக் காத்தவர்களில் அந்தப் பெண்களுக்குப் பெரிய பங்குண்டு. பாடல்களின் நடை கினாராயாவுக்கு உறவான பழைய மொழி. அவற்றைப் பாடிய கலினோக் ஊர் ஃபெடெரிகோ கபல்லெரோவை 2000இல் பிலிப்பைன்ஸ் அரசு நாட்டின் வாழும் கலைச்செல்வமாக அறிவித்தது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். தாய்மொழிவழிக் கல்வி 2012இல் தொடங்கியபோது 12 மொழிகளின் பட்டியலில் கினாராயா இல்லை; மறு வருஷம் சேர்த்த ஏழில்தான் இடம் கிடைத்தது. 2024 அக்டோபரில் வந்த சட்டம் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தாய்மொழி இருக்கும் வகுப்பில் மட்டும் விரும்பினால் தொடரலாம். அதற்கும் அதிகாரபூர்வ எழுத்துமுறை, இலக்கண நூல், பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று நிபந்தனைகள்.

இங்கேதான் கினாராயா மாதிரியான மொழிகள் மாட்டிக்கொள்கின்றன. அரிசிக்கு ஹிலிகைனோனில் ‘புகாஸ்’. கினாராயாவில் அதே சொல்லின் முதல் உயிர் உகரமும் இல்லை, எகரமும் இல்லை. நாக்கு எங்கும் போகாமல் நடுவில் தளர்ந்து நிற்கும்போது வரும் ஒலி. அதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பிள்ளைகள் வருஷக்கணக்கில் எழுதிப் படித்தால்தான் ஒரு வழக்கம் நிலைக்கும். எழுத்து நிலைத்த பிறகு வகுப்புக்குள் வா என்கிறது சட்டம். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. அதுவும், வீட்டில் கினாராயா தவிர வேறெதுவும் கேட்டிராத ஆறு வயதுப் பிள்ளை முதல் நாளே ஆங்கிலம், பிலிப்பினோ என்று இரண்டு புது மொழிகளில் பாடம் கேட்க வேண்டும் என்பது பெரிய அநியாயம்.