ஒரு பக்க மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம்: பிள்ளைகளின் சைனஸ் கட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

மூக்கிலும் சைனஸிலும் பிள்ளைகளுக்கு அரிதாக வரும், புற்றுநோய் அல்லாத கட்டிகள் பற்றி வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற, ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி பற்றியவை. கவனக்குறைவாகக் கை வைத்தால் உயிருக்கே ஆபத்தாகும் கட்டி அது என்பதால், பதிலும் அதற்கே நீளமாக இருக்கிறது.

பையனுக்கு 13 வயசு. நாலு மாசமா இடது பக்கம் மட்டும் மூக்கு அடைச்சிருக்கு, வாரத்துல ரெண்டு தடவை சில்லுமூக்கு உடைஞ்சு ரத்தம் வருது. வீட்ல உடம்புச் சூடுன்னு சொல்றாங்க. பயப்படணுமா டாக்டர்?

சூடு என்று விட்டுவிடாதீர்கள். சாதாரணமாக வரும் ரத்தம் மூக்கின் நடுத்தண்டின் முன்பகுதியில் இருந்து வருவது. மூக்கை நோண்டுவதும் வறட்சியும்தான் அதற்குக் காரணம். பத்து நிமிடம் பிடித்தால் நின்றுவிடும், அடைப்பு இருக்காது. உங்கள் மகன் ஆண்பிள்ளை, பருவ வயது, ஒரே பக்கம் அடைப்பும் ரத்தமும். இவை ஒன்றுசேர்ந்தால், இல்லை என்று உறுதியாகும் வரை ஆஞ்சியோஃபைப்ரோமா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வலி இருக்காது, அதனால்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எண்டோஸ்கோப்பி (மூக்குக்குள் மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யுங்கள், ஹீமோகுளோபினும் பாருங்கள். அதே பக்கக் காது அடைப்பு, கன்ன வீக்கம், கண் முன்தள்ளுவது, இரட்டைப் பார்வை ஆகியவை கட்டி பரவியதைக் காட்டும்.

ரத்தம் வரும்போது படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்து முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் இடைவிடாமல் பிடிக்க வேண்டும். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. தொண்டைக்கு வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பட்டும். 20 நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பயிற்சி மருத்துவர் நான். எண்டோஸ்கோப்பியில் பின்பக்கம் சிவந்த, வழவழப்பான சதை தெரிகிறது. துணுக்கு எடுத்து பயாப்ஸி அனுப்பலாமா டாக்டர்?

கூடாது. விரலை விட்டுத் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். காயம் பட்டால் சாதாரண ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்ளும். இந்தக் கட்டியின் குழாய்ச் சுவர்களில் பெரும்பாலும் தசைப்படலம் இல்லை, அதனால் சுருங்க வழியில்லை. வெளிநோயாளர் அறையில் ஒரு துணுக்குக் கிள்ளியதாலேயே உயிருக்குப் போராட வேண்டி வரலாம். பெரும்பாலும் ஸ்கேனிலேயே நோய் தெளிவாகிவிடும். படம் பொருந்தாமல் வேறு கட்டியோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும், அறுவை அரங்கில், பொருத்தம் பார்த்த ரத்தம் தயாராக இருக்கும்போது பயாப்ஸி எடுக்கலாம்.

எந்த ஸ்கேன்? எக்ஸ்ரே போதாதா?

போதாது. ரத்தக்குழாய்களைப் படத்தில் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய சி.டி. வேண்டும், மெல்லிய வெட்டுகளாக, மூன்று கோணங்களிலும். சீட்டில் 'கான்ட்ராஸ்டுடன்' என்று எழுதாமல் விட்டால், பிள்ளைக்கு இரண்டாவது முறையும் கதிர் படும். கட்டி தொடங்கும் இடம் மூக்கின் பின்பக்கவாட்டில் உள்ள ஸ்பீனோபாலடைன் துளையை ஒட்டியது. அந்தத் துளை விரிந்திருக்கும். மேல்தாடை சைனஸின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருக்கும், இதுதான் ஹோல்மன்-மில்லர் அடையாளம். மூக்குக்குப் பின்னால் மண்டையடியில் உள்ள டெரிகாய்டு எலும்பின் அடிப்பகுதி அரித்திருக்கிறதா என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், பின்னால் கட்டி மீண்டும் வருவதும் வராததும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. கண்குழி, மூளைப்பக்கம் பரவலை அளக்க எம்.ஆர்.ஐ. தேவை. அதில் உப்பும் மிளகும் தூவியது போல ரத்தக்குழாய்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தக்குழாயை அடைக்கணும்னு சொல்றாங்க. அவசியமா? பயமா இருக்கு.

அது எம்பாலைசேஷன். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் இன்டர்னல் மேக்சிலரி தமனியைத் துகள்களால் அடைப்பார்கள். மிகச் சிறிய கட்டிகளுக்குச் சில குழுக்கள் இதைத் தவிர்க்கின்றன. நடுத்தர, பெரிய கட்டிகளுக்குச் செய்வதே நல்லது என்பது என் கருத்து. அறுவை அதன்பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். தள்ளிப்போனால் பக்கத்துக் குழாய்கள் ரத்தம் கொடுக்கத் தொடங்கிவிடும், செய்த வேலை வீண்.

உங்கள் பயத்திலும் நியாயம் உண்டு. துகள் தவறி கண்ணுக்கோ மூளைக்கோ போனால் பார்வை இழப்பும் பக்கவாதமும் வரலாம். அரிதுதான், ஆனாலும் இதில் பழக்கமுள்ள குழுவிடம் மட்டுமே செய்யுங்கள். ஆஞ்சியோகிராமில் இரண்டு பக்கக் கழுத்துத் தமனிகளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தோ உட்கழுத்துத் தமனியிலிருந்தோ ரத்தம் வந்தால், ஒரு பக்கத்தை அடைத்தும் அறுவையில் ரத்தம் கொட்டும்.

முகத்தை வெட்டணுமா?

இப்போது பெரும்பாலும் வேண்டாம். மூக்குத் துளை வழியாக எண்டோஸ்கோப்பிலேயே எடுக்கிறார்கள். சைனஸின் பின்சுவரை நீக்கி, தமனியைக் கிளிப் போட்டு, கட்டியைச் சுற்றிலும் பிரித்து வெளியே கொண்டுவருவார்கள். மண்டைக்குள் வெகுதூரம் பரவியிருந்தால் வெளியிலிருந்தும் திறக்க வேண்டி வரலாம். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. டெரிகாய்டு எலும்பின் அடியிலும் அதன் அருகே நரம்பு செல்லும் விடியன் கால்வாயைச் சுற்றியும் எலும்புக்குள் புகுந்த திசுவை டிரில் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். 'மீண்டும் வந்தது' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அங்கே விட்டுப்போனதுதான்.

எடுத்தபின் எத்தனை நாள் கண்காணிக்க வேண்டும்? கதிர்வீச்சு கொடுப்பார்களா?

கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. முதலில் 3 முதல் 6 மாதத்துக்குள், பிறகு சில ஆண்டுகள் இடைவெளி விட்டு. திரும்ப வருவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். மிச்சம் இருந்தும் வளராமல், தொந்தரவும் தராமல் இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பருவ வயது கடந்தபின் சில சுருங்குவதும் உண்டு. கதிர்வீச்சை அறுவைக்கு எட்டாத, வளர்ந்துகொண்டிருக்கும் கட்டிக்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்குப் பின்னாளில் அதனாலேயே புற்றுநோய் வரலாம்.

என் 9 வயது மகளுக்கு ஆஞ்சியோஃபைப்ரோமா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது டாக்டர்.

மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இது ஏறக்குறைய ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே வருவது. ஸ்கேனையும், ஸ்லைடு இருந்தால் அதையும் இன்னொரு நிபுணர் பார்க்கட்டும். ராப்டோமயோசார்க்கோமா என்ற புற்றுநோயும் இந்த வயதில் மூக்கில் வரும் என்பதால் தாமதிக்க வேண்டாம். வேகமான வளர்ச்சி, வலி, முக மரத்துப்போதல், கழுத்தில் நெறிக்கட்டி இருந்தால் அன்றே போங்கள்.

11 வயது, ஒரு பக்கம் வெளுத்த சதை, ரத்தம் இல்லை.

பெரும்பாலும் ஆன்ட்ரோகோனல் பாலிப் என்ற தொங்கு சதை. மேல்தாடை சைனஸுக்குள் வேர் விட்டு, மூக்கின் பின்துளை வரை தொங்கும். தொங்குவதை மட்டும் வெட்டினால் திரும்ப வரும், சைனஸுக்குள் வேர் ஒட்டிய இடத்தையும் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாலிப் இருந்தால் வியர்வை குளோரைடு சோதனை செய்து சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகும் பரம்பரை நோய்) இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

ஆறு மாதக் குழந்தை, மூக்கின் மேற்பகுதியில் மெத்தென்ற வீக்கம், அழும்போது பெரிதாகிறது.

ஊசி குத்த விடாதீர்கள். மூளைத் திசுவே எலும்பு இடைவெளி வழியாக இறங்கிய என்செஃபலோசீலாக இருக்கலாம். குத்தினால் மூளைத் தண்டுவட நீர் கசிந்து மூளைக்காய்ச்சல் வரலாம். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். வீக்கம் அழும்போது மாறாமல், மூக்குத்தண்டில் சிறு குழியும் அதில் முடியும் தெரிந்தால் டெர்மாய்டு என்ற பிறவிக் கட்டி. அதற்கும் எம்.ஆர்.ஐ. முதலில்.

சி.டி.யில் 'கிரவுண்ட் கிளாஸ்' என்று போட்டிருக்கிறது. கட்டியை எடுத்துவிடலாமா?

அவசரம் வேண்டாம். தேய்த்த கண்ணாடி போலத் தெரிவது பெரும்பாலும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா, அதாவது எலும்பின் இடத்தில் நார்த்திசு வளர்வது. வளர்ச்சிக் காலம் முடியும்போது பெரும்பாலும் வேகம் குறையும். பார்வை சரியாக இருக்கும்போது பார்வை நரம்பைச் சுற்றியுள்ள எலும்பை முன்கூட்டியே குடைவதும் சரியல்ல, அதுவே பார்வையைப் பறிக்கலாம். முறையாகக் கண் பரிசோதனை செய்துகொண்டே வாருங்கள். உடலில் காபி நிறத் திட்டுகளோ வயதுக்கு முந்திய பருவமடைதலோ இருந்தால் ஹார்மோன் மருத்துவரையும் பாருங்கள். ஆனால் எல்லை தெளிவான கட்டி, சில மாதத்தில் கண்ணைத் தள்ளுகிறது என்றால் அது சிறுவர் ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா என்ற, வேகமாக வளரும் எலும்புக் கட்டியாக இருக்கலாம். அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது, மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும்.