பூச்சி மருந்து கொடுத்தும் குதிரைக்குட்டி தேறவில்லையே, ஏன்?

கேள்வி: காங்கயம் பக்கம் இரண்டு பெண் குதிரைகளும் ஏழு மாதக் குட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் மூன்று வயது ஆண் குதிரை ஒன்று வாங்கினேன். நான்கும் வீட்டை ஒட்டிய ஒரு ஏக்கர் கொரங்காட்டில்தான் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வருடம் முழுக்க மேய்கின்றன. குட்டிக்கு வயிறு உப்பி, விலா தெரிகிறது, முடி சிலிர்த்து நிற்கிறது, அவ்வப்போது இருமுகிறது. போன வாரம் லத்தியில் அரையடி நீளத்துக்கு வெள்ளைப் புழு விழுந்தது. பெரிய குதிரை ஒன்று வாலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றுக்கும் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைக் கொடுக்கிறேன்; மாட்டுக்கு வாங்கிய ஊசியையும் ஒரு தடவை போட்டேன். மருந்தை மாற்ற வேண்டுமா, அளவைக் கூட்ட வேண்டுமா?

பதில்: ஐயா, மருந்து குறைந்து போனதால் வந்த சிக்கல் அல்ல இது. லத்தியைச் சோதிக்காமல், எடை பார்க்காமல், எல்லா வயதுக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததும், நான்கு குதிரைகளும் ஒரே துண்டில் ஓய்வில்லாமல் மேய்ந்ததுமே காரணம். குட்டியின் நிலைமைதான் அவசரம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் பார்த்த வெள்ளைப் புழு, குட்டிகளைத் தாக்கும் பாராஸ்காரிஸ் என்ற உருண்டைப்புழுவாகத்தான் இருக்கும். குட்டி விழுங்கிய முட்டை குடலில் பொரித்து, இளம்புழு ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது; அங்கிருந்து சளியோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி சிறுகுடலுக்கு வந்து சேர்கிறது. இருமலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். காய்ச்சலோ கெட்டியான மூக்குச்சளியோ சேர்ந்திருந்தால் அது வேறு நோய். மருத்துவர் பார்த்தாக வேண்டும். முட்டை உள்ளே போனதிலிருந்து புழு வளர்ந்து முட்டையிட 10 முதல் 15 வாரம் ஆகும்.

இந்தப் புழு ஐவர்மெக்டினுக்குச் சாகாமல் தப்புவது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. அடிக்கடி ஐவர்மெக்டின் வாங்கிய உங்கள் குட்டி இன்னும் இப்படி இருப்பதற்கு அது ஒரு வலுவான காரணம். ஆனால் ஆத்திரத்தில் அளவைக் கூட்டிவிடாதீர்கள். ஐவர்மெக்டின், பைரான்டெல் போன்றவை புழுவை முடக்கிப் போடும் மருந்துகள். குடல் நிறையப் புழு இருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் செயலற்றுப் போனால், கயிறு சுருண்டதுபோல் சிறுகுடலை அடைத்துக்கொள்ளும். அடைப்பு வந்த குட்டியை அறுவை செய்தும் பல நேரம் காப்பாற்ற முடிவதில்லை.

அதனால் இந்தக் குட்டிக்கு, புழுவை மெதுவாகக் கொல்லும் ஃபென்பென்டசோல் ஏற்றது. அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம். குட்டி 120 கிலோ என்றால் 1,200 மில்லிகிராம். கால்நடை மருத்துவர் ஒரு தடவை பார்த்த பிறகு கொடுங்கள். கொடுத்த பிறகு இரண்டு நாள் கண்ணை எடுக்காதீர்கள். லத்தி நின்றுபோவது, காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, மூக்கு வழியாகத் தீவன நீர் வருவது, இதில் எது தெரிந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவரை வரவழையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

மாட்டு ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்கு இனி ஒருபோதும் போடாதீர்கள். போட்ட இடம் வீங்கி, சதைக்குள் காற்றில்லாமல் வளரும் கிருமி புகுந்து உயிருக்கே ஆபத்தாகும். குதிரைக்கென்று வாய்வழிப் பசை இருக்கிறது.

பசையை எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் செ.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. இந்தக் கணக்கு பெரிய குதிரைக்குத்தான். குட்டிக்குச் சரியாக வராது. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம் 265 கிலோவுக்கு 53 மில்லிகிராம் வேண்டும். பசைக் குழாயின் தண்டில் எடை குறித்திருக்கும். வளையத்தைத் திருகி உங்கள் குதிரையின் எடைக்கு அடுத்த கோட்டில் நிறுத்துங்கள். வாயில் கொள்ளோ தட்டோ ஒட்டியிருந்தால் பசை அதோடு சேர்ந்து கீழே விழும். முதலில் தண்ணீர் காட்டி வாயைக் காலி செய்யுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் குழாயை நுழைத்து, நாக்கின் பின்பகுதியில் தள்ளி, விழுங்கும் வரை தலையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். துப்பிய பசையை நாய் நக்க விடாதீர்கள்.

பெரிய குதிரைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குதிரைதான் மொத்தப் புழுமுட்டையில் பெரும்பகுதியை லத்தியோடு போடுகிறது. எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், மருந்துக்குத் தப்பிய புழுவின் வாரிசுகள் மட்டுமே உங்கள் கொரங்காட்டில் மிஞ்சும். எது அதிகம் போடுகிறது என்பதை லத்தி முட்டை எண்ணிக்கைதான் சொல்லும்.

விழுந்த சூடு ஆறுவதற்குள் இரண்டு மூன்று உருண்டைகளிலிருந்து எலுமிச்சம்பழ அளவு எடுத்து, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி இறுகக் கட்டுங்கள். குதிரையின் பெயரும் தேதியும் எழுதி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே கால்நடை மருந்தகத்திலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுங்கள். சூட்டில் கிடந்தால் முட்டை பொரித்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும். உறைய வைக்கவும் கூடாது. பெரிய குதிரைக்கு ஒரு கிராம் லத்தியில் 200 முட்டைக்குக் கீழ் என்றால் குறைவு. 500க்கு மேல் என்றால் அதிகம். மருந்து கொடுத்த 14ஆம் நாள் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். 800 இருந்தது 160 ஆனால் குறைந்தது 80 விழுக்காடு மட்டுமே. அந்த மருந்து உங்கள் பண்ணையில் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்.

முட்டை குறைவு என்றால் வயிறு சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. சிறு ஸ்ட்ராங்கைல் என்ற குடற்புழுவின் இளம்பருவம் பெருங்குடல் சுவருக்குள் கூடு கட்டி மாதக்கணக்கில் தூங்கும். ஐவர்மெக்டின் அதை அசைக்காது. ஒரே நேரத்தில் கூட்டமாக வெளிவந்தால் கடும் கழிச்சல், அடிவயிற்று வீக்கம், திடீர் இளைப்பு வரும். இளம் குதிரைக்கே இது அதிகம் வரும் என்பதால் மூன்று வயது ஆண் குதிரையைக் கவனியுங்கள். பெரிய ஸ்ட்ராங்கைல் இளம்புழு குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியைக் கெடுத்துக் கொடிய வயிற்றுவலியை உண்டாக்கும். அதற்காகத்தான் முட்டை குறைவான குதிரைக்கும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மருந்து தேவைப்படுகிறது. மார்கழி, தை வாக்கில் ஐவர்மெக்டினோடு பிரசிக்வான்டலும் சேர்ந்த பசையைக் கொடுத்தால் நாடாப்புழுவும், வயிற்றில் ஒட்டியிருக்கும் ஈப்புழுவும் சேர்ந்து போகும். முன்னங்கால் மயிரில் எள்ளைவிடச் சிறிதாக மஞ்சள் முட்டைகள் ஒட்டியிருந்தால் அவை அந்த ஈ வைத்தவைதான்; சுரண்டி எடுத்துவிடுங்கள்.

வால் தேய்ப்பதற்கு ஊசிப்புழு காரணமாக இருக்கலாம். இதன் முட்டை ஆசனவாயைச் சுற்றித்தான் இருக்கும், லத்தியில் பெரும்பாலும் சிக்காது. காலையில் கழுவுவதற்கு முன், ஒட்டும் டேப்பை அங்கே அழுத்தி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணியும் கடிக்கும் சிறு பூச்சிகளும்கூட இந்த அரிப்பைத் தரும்.

இனி மேய்ச்சல் நிலம். குதிரை தன் லத்தி கிடக்கும் இடத்தை ஒதுக்கி மேயும் பிராணி. இடம் நெருக்கமானால் வேறு வழியின்றி அங்கேயும் அடிவரை கடிக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஸ்ட்ராங்கைல் முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிப் பனிநீரோடு புல்லில் ஏறிவிடும். சித்திரை, வைகாசி வெயில் அதைக் காய்ச்சிக் கொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழை அதை வாழவைக்கும். கோடையிலும் பச்சையாக ஒரு திட்டு இருக்கும், பாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஒழுகும் இடம் அது. குட்டி அங்கேதான் முதலில் வாய் வைக்கும். ஒழுகலை அடைத்து, சுற்றிலும் கல் பரப்பிவிடுங்கள்.

லத்தியை வாரத்துக்கு இரண்டு தடவையாவது அள்ளுங்கள், மழைக்காலத்தில் தினமும். பச்சை லத்தியை எருவென்று மேய்ச்சல் துண்டிலேயே இறைப்பது பெரிய தவறு. மூன்றடி உயரக் குவியலாகப் போட்டுப் புரட்டி, உள்ளே நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு சோளக்காட்டுக்கு அனுப்புங்கள்.

கொரங்காட்டைக் கிளுவை வேலியால் துண்டு போட்டு மாற்றி மேய்க்கும் பழக்கம் உங்கள் பகுதியிலேயே இருக்கிறது. குதிரை மேய்ந்த துண்டில் அடுத்து மாட்டையோ செம்மறியையோ விடுங்கள். குதிரைக்கு ஆபத்தான ஸ்ட்ராங்கைலும் உருண்டைப்புழுவும் அவற்றின் வயிற்றில் பிழைக்காது; கொழுக்கட்டைப் புல்லோடு மாடு விழுங்கும் இளம்புழுக்கள் அதோடு முடிந்தன. இரண்டுக்கும் பொதுவான வயிற்றுப்புழு ஒன்று உண்டு, ஆனால் நன்மைதான் அதிகம்.

உருண்டைப்புழு முட்டைக்கு மட்டும் இது போதாது. பசைபோல் ஒட்டும் தோலோடு லாயச் சுவரிலும் தீவனத் தொட்டியிலும் தாயின் மடியிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. கொதிநீரும் தேய்ப்புமே வழி. அடுத்த குட்டி பிறக்குமுன் லாயத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், மடியையும் துடையுங்கள், தீவனத்தைத் தரையில் போடாதீர்கள். முதல் மருந்தை இரண்டு மாதம் முடிந்த பிறகு கொடுங்கள். அடுத்தது பால் மறக்கடிக்கும் முன்.

சந்தையில் வாங்கும் குதிரையை உடனே கூட்டத்தில் விடக் கூடாது. தனிக் கொட்டிலில் கட்டி, லத்தியைச் சோதித்து, தேவையான மருந்து கொடுத்து, மூன்று நாள் அங்கேயே வையுங்கள். 14ஆம் நாள் மறுபடி எண்ணிய பிறகு சேர்க்கலாம். நீங்கள் சந்தையில் வாங்கிய ஆண் குதிரைக்கு இப்போதாவது லத்தியோடு இரத்தப் பூச்சுச் சோதனையும் செய்யுங்கள். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயிலும், உண்ணி பரப்பும் இரத்தக் காய்ச்சலிலும் குதிரை தின்றுகொண்டே இளைக்கும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும். இமையின் உட்புறம் வெளுக்கும். சர்ராவில் காலும் அடிவயிறும் வீங்கும். குடற்புழு மருந்து எதுவும் இவற்றைத் தொடாது. இமையைப் புரட்டிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.