முன்கையால் ஒரு மசாஜ்

கேள்வி: ஹவாயின் 'லோமிலோமி' மசாஜில் முன்கையால் தேய்க்கிறார்களாமே, எலும்பு வலிக்காதா?

பதில்: எலும்பின் மேல் ஏறினால் வலிக்கும்தான். முன்கையின் சதைப்பகுதியை முதுகெலும்புக்குப் பக்கவாட்டில் வைத்து, இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே நீள வீச்சாகக் கொண்டுபோக வேண்டும். தங்கள் தோளை இறுக்கி அழுத்துவது கற்றுக்குட்டிகளின் வழக்கம். பத்து நிமிடத்தில் அவர்களுக்கே தோள் பிடித்துக்கொள்ளும். முழங்காலைச் சற்று மடக்கி, பின்காலிலிருந்து முன்காலுக்கு உடல் எடையை மாற்றினால் அழுத்தம் தானாக வரும். ஹவாயின் காவாய் தீவில் ஏப்ரகாம் கவாயி கற்பித்த முறையில் இந்தக் கால்வைப்பு நடனம் போலவே இருக்கும். ஹவாயின் பெரிய தீவிலுள்ள கேயலகெகுவா விரிகுடாப் பக்கம் மார்கரெட் மச்சாடோ (1916–2009) கற்பித்ததோ பிரார்த்தனையோடு தொடங்குவது.

கேள்வி: என்ன எண்ணெய்?

பதில்: தேங்காய் எண்ணெய் அல்லது குக்குயி கொட்டை எண்ணெய். (அந்தக் கொட்டையை விளக்காகவே எரித்தவர்கள் ஹவாய்க்காரர்கள்.) முதுகுக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம். கூடினால் கை வழுக்கி அழுத்தம் இறங்காது, குறைந்தால் முடி இழுபடும்.

கேள்வி: யாருக்குக் கூடாது?

பதில்: காய்ச்சல், திறந்த புண், புது எலும்பு முறிவு உள்ளவர்களுக்கு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தொடவே கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், முதலில் மருத்துவரிடம் போங்கள்.