ஏழாம் மாதத்தில் மஞ்சள் காமாலை: பத்தியம் மட்டும் போதுமா?

சகோதரி, ஏழாம் மாதத்தில் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஈ என்ற கல்லீரல் வைரஸ் தொற்று உறுதியாகியும், மாமியார் கீழாநெல்லிச் சாறும் உப்பில்லாக் கஞ்சியும் மட்டுமே தருவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பதறிவிட்டேன்.

மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் இந்த வைரஸ், கடைசி மூன்று மாதங்களில் தொற்றினால் 100 கர்ப்பிணிகளில் 20 முதல் 25 பேரின் உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயல்ல இது. இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழப்பம், மிகுந்த தூக்கம், இரத்தக்கசிவு தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பத்தியம் வைரஸைக் கொல்லாது. பட்டினி உங்களையும் குழந்தையையும்தான் வாட்டும். இட்லி, பருப்புச் சாதம், மோர், முட்டை என்று குமட்டலுக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். எண்ணெயை அடியோடு விலக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லாத மூலிகைச் சாறும் மாத்திரையும் வேண்டாம். கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

இந்தக் கிருமி பெரும்பாலும் அசுத்த நீரால் பரவுகிறது. வீட்டில் எல்லோரும் கொதித்து ஆறிய நீரையே குடியுங்கள். மாமியாரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் அன்பினால்தான் செய்கிறார், நேரில் கேட்டால் புரிந்துகொள்வார்.