சாரட்டுக் குதிரையின் கால் பொருக்கு: மருந்துக்கு முன்னால் கத்தரி

கேள்வி: கல்லல் பக்கம் இருக்கிறோம். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிறோம். அந்தியூர் சந்தையில் வாங்கிய குதிரை, எட்டு வயது. நாலு காலிலும் குளம்பை மூடும் அளவுக்கு மயிர். இரண்டு வருடமாகப் பின்னங்கால்களில் பொருக்குத் தட்டுகிறது. ராத்திரி முழுக்கத் தரையை உதைக்கிறது, காலைக் கடிக்கிறது. கார்த்திகை, மார்கழியில் அதிகம்; சித்திரையில் குறைகிறது. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஊசியாகப் போட்டால் ஒரு மாதம் நிற்கும், திரும்ப வரும். அப்பத்தா சொல்லி வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுகிறோம். மாட்டு உண்ணிக்கு வாங்கிய அமிட்ராஸைக் கலக்கி ஊற்றலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த அமிட்ராஸ் பாட்டிலை லாயத்தை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மாட்டுக்கு ஒத்துக்கொள்கிற அந்த மருந்து குதிரையின் குடலை அசையவிடாமல் செய்துவிடும். லத்தி போடாமல், வயிறு அடைத்து, வலியில் உருண்டு புரளும், உயிரே போகலாம். தொழுவமும் லாயமும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வீடுகளில் இந்தத் தவறு நடக்க ரொம்ப வாய்ப்பு உண்டு.

சரி, நோய்க்கு வருவோம். ராத்திரி உதைப்பது, ஈரமும் குளிரும் சேர்ந்த மாதங்களில் கூடி வெயிலில் அடங்குவது, மயிர் அடர்ந்த கால், இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் கோரியாப்டிஸ் என்ற சொறிப்பூச்சி மேல்தான். கண்ணுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவரிடம் சொல்லி, பொருக்கையும் அடித்தோலையும் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் செலவு செய்த பிறகாவது இதைச் செய்துவிட வேண்டும்.

ஊசி ஏன் முழுதாகக் கேட்கவில்லை? இந்தப் பூச்சி தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேலே இருந்தபடி உதிர்கிற செதிலைத் தின்கிறது. ரத்தத்தில் ஓடுகிற மருந்து அதற்குச் சரியாக எட்டுவதில்லை. அப்பத்தா சொன்ன வேப்பெண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மயிருக்கு மேல் தடவினால் அது தோலுக்குப் போகாது. மயிரும் பொருக்கும் ஒட்டிச் சடையாகி, உள்ளே ஈரம் தங்கி, பூச்சியோடு கிருமியும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் மயிரை வெட்டியே ஆக வேண்டும். உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். ஊர்வலத்தில் அந்த மயிர் ஆடுகிற அழகுக்குத்தானே கூப்பிடுகிறார்கள். ஆனால் வெட்டினால் திரும்ப வளரும், முழு நீளம் வரப் பல மாதம் ஆகும், அவ்வளவுதான். இந்தத் தடவை உடனே வெட்டுங்கள். அடுத்த வருடத்திலிருந்து புரட்டாசியில் வெட்டிவிட்டால், முகூர்த்தம் குறைவான மாதமாகவும் இருக்கும், வடகிழக்கு மழைக்கு முன்னால் காலும் காய்ந்துவிடும். வெட்டிய மயிரைக் கூட்டி எரித்துவிடுங்கள், அதிலும் பூச்சி இருக்கும்.

அப்புறம் கழுவுவது. காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். அடுத்த தடவை காலைத் தொடவே விடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் தானாக விடும். 1 சதவீத செலினியம் சல்பைடு ஷாம்பு போட்டு, தோல் வரை தேய்த்து, 10 நிமிடம் விட்டு அலசுங்கள். 5 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 3 தடவை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய வேட்டியால் ஒற்றி, குளம்புக்கு மேலே உள்ள பள்ளம் வரை ஈரம் போக்குவது மருந்து போடுவதற்குச் சமமான வேலை. சீழ் இருந்தால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கழுவலும் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்லட்டும். ஃபிப்ரோனில் என்ற பூச்சி மருந்துத் தெளிப்பும் அவர் சொன்னால் மட்டும்.

கூடக் கட்டுகிற குதிரைகளுக்கும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். இதே பூச்சி மாட்டிலும் வாழும், ஆகவே பக்கத்தில் மாடு இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஏறக்குறைய 3 வாரம் ஆகும். உடம்பை விட்டு விழுந்தாலும் செதிலைத் தின்று வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பி வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வைக்கோல் படுக்கையை முழுதாக மாற்றுங்கள், தேய்க்கிற பிரஷ்ஷைக் கொதிநீரில் போடுங்கள்.

ஒரு தடவை அடங்கினாலும், மயிர்க்கால் குதிரைக்கு இது வருடா வருடம் பார்க்க வேண்டிய வேலை. மழைக்காலத்தில் ஊரணியில் இறக்கிக் கழுவிவிட்டு அப்படியே கட்டாதீர்கள். லாயத் தரையை மேடாக்கி, மூத்திரம் ஓட வாட்டம் வையுங்கள். தினமும் மயிருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்துக் கட்டி கட்டியாக இருந்தால் விஷயம் வேறு. ஷயர், கிளைட்ஸ்டேல் போன்ற பெரிய இழுவைக் குதிரைகளுக்கு நிணநீர் தேங்கி அப்படி வரும். முழுதாகக் குணமாகாது, கட்டுப்படுத்தத்தான் முடியும். உங்கள் குதிரைக்கு அந்த ரத்தம் கலந்திருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்.

காலில் வரிசையாகக் கட்டி எழும்பி, உடைந்து, தேன் மாதிரிச் சீழ் வந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். அது கிளாண்டர்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். ஊர்வலத்துக்கு அனுப்பாமல், தனியாகக் கட்டி, அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை அவசர உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள்.

சுரண்டல் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். பூச்சி இல்லை என்று வந்தால் ஷாம்புவை நிறுத்திவிட்டு வேறு வழியில் தேட வேண்டும்.